நேற்றுவரை ஆயா

என் தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பா சட்டையை மேலே தூக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க நர்சுன்னு ஒங்க அம்மா சொன்னாவ. இந்த ஊசிய மட்டும் போட்டு விட்ருங்க தாயி. எங்க தெருவுல ஒரு கம்பவுண்டர் உண்டு, அவருதான் போடுவாரு. இன்னைக்கு வெள்ளன கெளம்புனதுல அவரப் பாக்க முடியல" என்றார்.

திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் கடை வைத்திருப்பவர். சர்க்கரைக்காரர். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். அவருடைய மனைவி ஐஸ் போட்ட சின்ன டப்பாவிலிருந்து மருந்தையும் ஊசியையும் எடுத்து என் பக்கமாக நீட்டினார். ஆத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இலை போட்டாகிவிட்டது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. என் கையில் பாயச வாளி இருந்தது.

அந்த ஊசி எப்படிப் போடப்படுகிறது என்று நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். மில்லர்புரத்தில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், நர்ஸ் ஊசி போடும்போது அந்தப் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடித்துக்கொள்வது மட்டும்தான். மருந்தை எந்தக் கோடு வரைக்கும் இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் போடக்கூடாது.

"நான் போடக்கூடாது" என்றேன்.

"ஏன் தாயி?"

அம்மா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அவள் கண் சொன்னது.

"நான் நர்ஸ் இல்ல. அங்க ஆயா வேலை பாக்கேன்."

பெண்ணின் அம்மா புரியாதவர் போலக் கேட்டார். "ஆயான்னா? பிள்ளையளப் பாத்துக்கிடுத வேலையா?"

"வயசானவங்கள. குளிப்பாட்டுவேன், துணி மாத்துவேன். எந்திரிக்க முடியாதவங்களுக்கு எல்லாம் எடுத்துப் போடுவேன்."

அவர் நல்ல மனுஷி. முகத்தைச் சுளிக்கவில்லை. எழுந்து வந்து, "நீங்க காலையில இருந்து நிக்கீங்க, செத்த உக்காருங்க. பாயசத்த அவ விடட்டும்" என்று என் கையிலிருந்த வாளியை மெதுவாக வாங்கித் தன் தங்கையிடம் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை ஒரு பந்தியிலிருந்து வெளியே அனுப்பியதில்லை.

நான் அடுக்களைக்குள் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"ஒரு ஊசிதானளா? போட்டா என்ன?"

"தெரியாமப் போட்டு அவருக்கு ஏதும் ஆச்சுன்னா?"

"போட மாட்டேன்னு சொல்லு. கை வலின்னு சொல்லு. ஆயான்னு எதுக்குச் சொன்ன?"

நிச்சயம் நடந்தது, பிறகு கல்யாணமும் நடந்தது. என்னால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் நிச்சயதார்த்தம் முடிந்து திரும்புகையில், ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது நான் என் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பொய்க்காரி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கே வேலை என்று அவள் கேட்டபோது, "ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடம்" என்றேன். மிச்சத்தை அவளாகவே நிரப்பிக்கொண்டாள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற பெண்களிடம் "எம் மவ நர்ஸ்" என்றாள். நான் மறுக்கவில்லை. ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் கையை நீட்டி, பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று கேட்பார்கள். மிஷின் கொண்டுவரவில்லை என்பேன். ஏழு வருஷம் அப்படித்தான் ஓடியது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முக்காணி வந்ததும் அவரிடம் சொன்னேன், "நான் நர்சிங் படிக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? ஒனக்கு இடம் குடுப்பாவளா?"

"முப்பத்தஞ்சு வரைக்கும் சேரலாமாம். மதர் ஒருதரம் சொன்னாவ."

மதர் என்பது இல்லத்தை நடத்துகிற கன்னியாஸ்திரீகளின் தலைவி. வீட்டுக்காரர், "ரோசத்துல படிக்கப் போறேன்னு சொல்லுத. ரோசம் மூணு வருசம் நிக்குமா?" என்றார். நின்றது. ரோஷம் தீர்ந்த நாட்களில் அதன் இடத்தில் வெட்கம் நின்றது.

கல்லூரியில் என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நேராக வந்தவர்கள். முதல் நாளே என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாடம் முழுக்க இங்கிலீஷ். எலும்புகளின் பெயரை அவர்கள் ஒரு தடவை வாசித்து ஒப்பித்தார்கள். நான் தமிழில் எழுதிவைத்து, சோறு பொங்கும்போது முணுமுணுத்தேன். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. என் உச்சரிப்பைத் திருத்துவாள். அவள் தோழிகள் வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

படுத்திருக்கிற நோயாளியை எழுப்பாமல் விரிப்பு மாற்றுகிற செய்முறை வகுப்பு ஒன்று நடந்தது. மற்றவர்கள் தடுமாறினார்கள். என் கை தன்பாட்டுக்கு மாற்றி முடித்துவிட்டது. மேடம் வியந்துபோய், "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்ல மாமியார் படுக்கையில இருந்தாங்க மேடம்" என்றேன். என் மாமியார் அன்றைக்கும் காலையில் மீன் வாங்கச் சந்தைக்கு நடந்து போயிருந்தார்.

ஊரில் நர்ஸ் என்று நினைத்தார்கள், நான் பேசாமல் இருந்தேன். கல்லூரியில் ஆயாவாக இருந்ததை நானே மறைத்தேன். இரண்டுக்கும் ஒரே வெட்கம்தான் காரணம். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம், பயிற்சிக்காகப் போன ஆஸ்பத்திரியின் வார்டில் அது உடைந்தது. ஒரு நோயாளியைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏளா, நீ நம்ம இல்லத்து ஆயால்லா? எங்க மாமனாருக்கு நீதான எல்லாம் எடுத்த? நீயா நர்சுக்குப் படிக்க? நல்லா இரு மக்கா" என்று என் கன்னத்தைத் தடவினார். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். என்கூட நின்ற பிள்ளைகளில் ஒருத்தி அன்று மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மாவும் ஆஸ்பத்திரியில கூட்டுறவங்கதான் ஆன்ட்டி. யாருட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள். அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். "சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

படித்து முடித்தேன். ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதித் தேறினேன். நர்சிங் கவுன்சிலில் பதிவும் ஆனது. என் பெயருக்குப் பின்னால் ஒரு நம்பர் வந்தது. அம்மா ஆத்தூரில் "எம் மவ நர்ஸ்" என்று திரும்பவும் சொன்னாள். இந்தத் தடவை அது உண்மை. அவள் குரலில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை.

நான் வேறு எங்காவது போயிருக்கலாம். அதே இல்லத்தில் ஒரு நர்ஸ் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள் என்று மதர் போனில் கூப்பிட்டார். வீட்டுக்குப் பக்கம், மகளின் பள்ளிக்கூடத்துக்கும் பக்கம் என்று எல்லாரிடமும் காரணம் சொன்னேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அந்த வாசல் வழியாக ஒருதரம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவள் இல்லை. நானும் அவளும் ஒரே வாரத்தில் ஆயாவாகச் சேர்ந்தவர்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், கடற்கரைத் தெருக்காரி. முதல் மாதம் துர்நாற்றம் தாங்காமல் நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள். அடுத்த வாரம் அவள் எடுத்தாள், நான் பிடித்துக்கொண்டேன். சமையல் குசினிக்கு வெளியே ஒரு பழைய மேசை கிடக்கும். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளிச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

நர்ஸாகப் போன முதல் நாள் மத்தியானம் என் டிபன் பாக்ஸோடு அந்த மேசைக்குப் போனேன். உட்கார்ந்திருந்த ஆயாக்கள் எல்லாரும் எழுந்தார்கள். அக்காவும் எழுந்தாள்.

"யக்கா, இரி" என்றேன்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள்.

நான் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை. மறுநாளிலிருந்து நான் நர்ஸ் அறையில் சாப்பிட்டேன்.

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். தோணித் தண்டலாக இருந்தவர். தோணியில் எல்லாருக்கும் மேலே உள்ள ஆள் தண்டல்தான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. சர்க்கரையும் உண்டு. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் விளங்கும். நான் ஆயாவாக இருந்த காலத்தில் அவரைக் குளிப்பாட்டியது பெரும்பாலும் நான்தான். பாட்டையா என்று கூப்பிடுவேன். அவர் என்னை, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, ஏளா என்பார். வெந்நீர் அதிகமாகச் சுட்டால் நல்ல கெட்ட வார்த்தையாகப் பார்த்து ஏசுவார். நானும் திருப்பி ஏசுவேன். நான் படிக்கப் போனபோது அழுதவர். திரும்பி வந்தபோது இடது கையைத் தூக்கி சல்யூட் அடித்தார்.

நான் நர்ஸாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காலையில் மாத்திரை கொடுத்துக்கொண்டே வந்தேன். அவர் கட்டிலுக்கு வந்ததும் வாடையிலேயே தெரிந்தது.

"ஏளா, போயிட்டேன்" என்றார், சின்னக் குரலில்.

என் கையில் தட்டு நிறைய மாத்திரைகள் இருந்தன. அந்தத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பது விதி. ஞாபகம் தப்பிய பெரியவர்கள் யாருடைய மாத்திரையையாவது எடுத்து விழுங்கிவிடுவார்கள். ஆனால் பூட்டி வைக்க அலமாரி அதே வார்டில்தான் இருந்தது. சட்டைப்பையில் கையுறையும் இருந்தது. இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில் நான் செய்தது வேறு. ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். கோட்டின் நுனி கட்டிலில் படாமல் இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

அக்கா வந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"சரி சிஸ்டர்" என்று கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுத்துவிட்டாள்.

நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் பிழிகிற சத்தம் கேட்டது. "இந்தா ஆச்சு பாட்டையா, இங்கன திரும்புங்க" என்று அவள் சொல்வது கேட்டது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏசக்கூட இல்லை.

மத்தியானம் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போனேன். அக்கா விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கோவமா?"

"எதுக்குக் கோவம்? ஒன் வேலைய நீ பாத்த. என் வேலைய நான் பாத்தேன். மாத்திரைத் தட்டப் போட்டுட்டு நீ கழுவ வந்தா அதுவுந் தப்புதான்." ஒரு விரிப்பை உதறினாள். "ஆனா ஒண்ணு கேக்கேன். ஏழு வருசமா யக்கா வா, யக்கா போன்னு கூப்பிட்டவ நீ. இன்னைக்கு வாங்கன்னு கூப்பிடுத. எனக்கு மரியாதை குடுத்தியா, தள்ளி வச்சியா? எனக்கு வெளங்கல."

"நீயும்தான என்னைய சிஸ்டர்னு கூப்பிடுத?" என்றேன்.

"நான் சொல்லலன்னா மதர் ஏசுவாவ. ஒன்ன யாரு ஏசுவா?"

ஈரத் துணிகள் காற்றில் எங்கள் இருவருக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தன. நான் ஒரு பக்கத்தைப் பிடித்து விரித்துவிடப் போனேன். "வேண்டாம், கோட்டு நனைஞ்சிரும்" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, அக்கறையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் டியூட்டி தொடங்கும் முன்பே போனேன். கோட்டு போடவில்லை. பழையபடி வெந்நீர் வாளியும் துண்டுமாகப் பெரியவரின் கட்டிலுக்குப் போய் மறைப்பை இழுத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் இடது கையால் போர்வையை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"ஏன் பாட்டையா? எத்தன வருசம் நான் குளிப்பாட்டியிருக்கேன்?"

"அப்பம் நீ வேற."

"இப்பவும் நாந்தான்."

"இல்ல." அவர் தலையை ஆட்டினார். வார்த்தை குழறியதால் நிதானமாகச் சொன்னார். "நேத்து ஒன் மூஞ்சியப் பாத்தேன்."

நான் கோட்டை ஒதுக்கியதைத்தான் அவர் பார்த்திருப்பார் என்று நினைத்திருந்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

"தப்புதான் பாட்டையா" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லல. எனக்கு வெக்கமா இருக்கு, கேட்டியா? முன்ன வெக்கம் கெடையாது. இப்பம் இருக்கு. அவள வரச் சொல்லு. குளிச்சு சட்டை போட்ட பெறவு நீ வா. நாடியப் பாரு, மாத்திரையத் தா. அது போதும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அக்கா நின்றாள். வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நிச்சயதார்த்தத்தன்று பாயச வாளியை வாங்கிய அந்த அம்மாவின் மீது எனக்குக் கோபம் இருந்தது. இதில் கோபப்பட ஆளே இல்லை.

அதன் பிறகு மாத்திரை கொடுக்கிற வரிசையை மாற்றிக்கொண்டேன். அவர் கட்டில் கடைசியில் வரும்படி பார்த்துக்கொண்டேன். நான் போகும்போது தலை சீவி, சட்டைப் பொத்தான் எல்லாம் மாட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வேட்டிமேல் போர்வையை நேராக இழுத்துவிட்டிருப்பார். துறைமுகத்துக்கு என்ன கப்பல் வந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவந்து சொல்வேன். கேட்டுக்கொள்வார். என்னை ஏளா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சிஸ்டர் என்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டார். அக்காவோடும் எனக்கு அப்படித்தான் ஆனது. 'வா' எனக்கு வாயில் வரவில்லை. 'வாங்க' சொல்லப் பயமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுப் பேசுவேன்.

மழைக்காலம் தொடங்கியபோது பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். அவர் மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த மறுநாள் காலையில் நான் பெண்கள் வார்டில் இருந்தபோது அக்கா ஓடிவந்தாள்.

"பாட்டையாவுக்கு வேர்த்து ஊத்துது. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்காவ."

ஓடினேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விழுங்குகிற நிலையில் அவர் இல்லை. டாக்டரைப் போனில் பிடித்தேன். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். வயதான கை, நரம்பு நழுவியது. முதல் தடவை கிடைக்கவில்லை.

"யக்கா, இந்தக் கையப் பிடி. ஆடாமப் பிடி."

பிடித்தாள். இரண்டாம் தடவை கிடைத்தது. மருந்தை மெதுவாக ஏற்றினேன். பாட்டிலை மாட்டும் கம்பி வருகிறவரை, அடுத்து ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலை அக்கா உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வேட்டியும் விரிப்பும் நனைந்து நாறிக்கிடப்பதைப் பார்த்தேன். அவளுக்குக் கை ஒழிவில்லை. நான் எதையும் யோசிக்கவில்லை. மறைப்பை இழுத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு அவரை ஒருக்களித்துத் திருப்பினேன். துடைத்தேன். விரிப்பை உருவினேன். புது வேட்டியைச் சுற்றினேன். அழுக்கை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் கண்ணிமை அசைந்தது.

நான் சட்டென்று மறைப்புக்கு வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவர் முனகுவது கேட்டது. அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரிய கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கையால் வேட்டியைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

"துணி யாரு மாத்துனா?" என்று கேட்டார்.

"நாந்தான் பாட்டையா" என்றாள் அக்கா. "வேற யாரு?"

"அவ?"

"அவ ஊசி போட்டா. போட்டுட்டுப் போன் பேசப் போயிட்டா."

"வேற சட்டையப் போட்டு விடு. அவ வருவா" என்றார்.

நான் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தா வழியாகப் பின்பக்கம் போய், விரிப்பை அலசிப் போட்டேன். கையைக் கழுவினேன். அக்கா அவருக்குப் பொத்தான் மாட்டி முடிக்கிற அளவு நேரம் அங்கேயே நின்றுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, இப்போதுதான் வருகிறவள் மாதிரி சத்தமாக நடந்து போனேன்.